கிடங்கில் என்ன இருக்கிறது?

டெக்சாஸ் மாநிலத்தில் வெஸ்ட் என்றொரு சிற்றூர். மூவாயிரம் பேர்கூட இல்லை. ஊரின் ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டி 1962இல் ஓர் உரக் கிடங்கு கட்டினார்கள். அப்போது சுற்றிலும் வெற்று நிலம்தான். பிறகு ஊர் வளர்ந்து கிடங்கை நோக்கி நகர்ந்தது. பள்ளிக்கூடம் வந்தது, முதியோர் இல்லம் வந்தது, அடுக்குமாடிக் குடியிருப்பும் வந்தது. கிடங்கு இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்தக் கிடங்கில் என்ன இருந்தது என்பது ரகசியமல்ல. 2012ஆம் ஆண்டுக்கான இருப்பு அறிக்கையை நிறுவனம் மாநிலச் சுகாதாரத் துறைக்கு முறைப்படி அனுப்பியிருந்தது. அம்மோனியம் நைட்ரேட் 5,40,000 பவுண்டு வரை, அதாவது சுமார் 245 டன். நீரற்ற அம்மோனியா 1,10,000 பவுண்டு, அதாவது சுமார் 50 டன். சட்டம் கேட்ட கேள்விக்கு எழுத்தில் பதில் இருந்தது.

2013 ஏப்ரல் 17ஆம் தேதி மாலை 7.29க்கு அங்கே தீ என்று தகவல் வந்தது. ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படையினர் வேலையையும் வீட்டையும் விட்டு ஓடி வந்தார்கள். சம்பளம் வாங்காதவர்கள், பகலில் வேறு தொழில் பார்ப்பவர்கள். குழாயை இழுத்துக்கொண்டு தீயை நெருங்கினார்கள். 7.51க்குக் கிடங்கு வெடித்தது. இருபத்திரண்டு நிமிடம். 15 பேர் இறந்தார்கள். அவர்களில் 12 பேர் உதவிக்கு ஓடி வந்தவர்கள். 260 பேருக்கு மேல் காயம். தரையில் 93 அடி அகலத்துக்குப் பள்ளம். நூற்றைம்பதுக்கும் அதிகமான கட்டடங்கள் சேதமடைந்தன. அன்று கிடங்கில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் 40 முதல் 60 டன். அதில் வெடித்தது சுமார் 30 டன்.

தீ எப்படிப் பிடித்தது என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் காரணத்தை உறுதிப்படுத்த முடியவில்லை என்றது. வெடிபொருள் புலனாய்வு அமைப்போ 2016இல், யாரோ வேண்டுமென்றே வைத்த தீ என்றது. இந்த அத்தியாயத்துக்கு அது முக்கியமல்ல. தீ எதனால் பிடித்திருந்தாலும், அதை அணைக்கப் போனவர்களுக்கு உள்ளே இருப்பது என்ன செய்யும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்த உரத்தின் வெடி அபாயம் பற்றி வெஸ்ட் ஊர்ப் படையினருக்குப் போதிய பயிற்சி இல்லை என்று வாரியத்தின் அறிக்கை பதிவு செய்தது. அறிக்கை அலுவலகத்தில் இருந்தது. அதன் பொருள் குழாயைப் பிடித்தவர்களிடம் போய்ச் சேரவில்லை. அபாயகர ரசாயனங்களைப் பற்றிய அறிவிப்பு விதிகளை நான் படித்தவரையில், அவற்றின் உயிர்நாடி இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அந்த விதிகள் பிறந்த கதை போபாலில் தொடங்குகிறது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவு, யூனியன் கார்பைடு ஆலையின் 610ஆம் எண் தொட்டியில் இருந்த மெத்தில் ஐசோசயனேட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. வினை முற்றி, சுமார் 40 டன் நச்சு வாயுவாக ஊருக்குள் இறங்கியது. எது தங்களைக் கொல்கிறது என்று மக்களுக்குத் தெரியவில்லை. ஹமீதியா மருத்துவமனையில் வரிசை வரிசையாக வந்து விழுந்தவர்களைப் பார்த்த மருத்துவர்களுக்கும் தெரியவில்லை. ஆலைக்கு அருகில் குடியிருந்தவர்களில் பலருக்கு அங்கே பூச்சிமருந்து செய்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். ஈரத் துணியால் முகத்தை மூடியிருந்தால், காற்றுக்குக் குறுக்கே நடந்திருந்தால், எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள். அந்த ஒரு வரி அறிவுரை அவர்களுக்கு முன்கூட்டியே போகவில்லை.

அமெரிக்காவில் அதே நிறுவனத்துக்கு, மேற்கு வர்ஜீனியாவின் இன்ஸ்டிட்யூட் என்ற இடத்தில், அதே மெத்தில் ஐசோசயனேட் தயாரிக்கும் ஆலை இருந்தது. இங்கே அப்படி நடக்காது என்று அந்தப் பகுதி மக்களுக்கு உறுதி சொல்லப்பட்டது. 1985 ஆகஸ்ட் 11ஆம் தேதி அந்த ஆலையிலிருந்து வேறொரு நச்சுக் கலவை கசிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அதன் பிறகுதான் அமெரிக்க நாடாளுமன்றம் வேகம் பிடித்தது. 1986 அக்டோபர் 17ஆம் தேதி, அவசரகாலத் திட்டமிடலுக்கும் சமூகத்தின் அறியும் உரிமைக்குமான சட்டம் கையெழுத்தானது. தொழிற்சாலைக்குள் இருக்கும் பொருளைப் பற்றி வெளியில் குடியிருப்பவர் கேட்கலாம் என்பதை அந்நாட்டுச் சட்டம் நாடு முழுவதற்கும் உரிமையாக்கியது அப்போதுதான். போபாலில் இறந்தவர்கள் அமெரிக்கர்களுக்கு வாங்கிக் கொடுத்த உரிமை என்றே இதை நான் எண்ணுகிறேன்.

சட்டத்தின் நடைமுறை எளியதுதான். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 1ஆம் தேதிக்குள், முந்தைய ஆண்டு இருப்பு வைத்திருந்த அபாயகரப் பொருள்களின் விவரத்தை நிறுவனம் அனுப்ப வேண்டும். டியர்-2 என்று அந்தப் படிவத்துக்குப் பெயர். அதில் பொருளின் பெயர், அதற்குரிய பதிவு எண், ஒரே நாளில் இருந்த அதிகபட்ச அளவு, சராசரி அளவு, எத்தனை நாள் இருந்தது, எந்த வகைக் கலத்தில், என்ன அழுத்தத்தில், என்ன வெப்பநிலையில், வளாகத்தில் எந்த இடத்தில் என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருப்பார்கள். அழுத்தமும் வெப்பநிலையும் ஏன் என்று தோன்றும். அழுத்தத்தில் திரவமாக்கிய வாயுவின் கலத்தில் ஓட்டை விழுந்தால் அது சீறிக்கொண்டு வெளியேறும். அதே பொருளைக் குளிரூட்டித் திரவமாக வைத்திருந்தால் கொட்டிய இடத்தில் தேங்கி மெல்ல ஆவியாகும். பொருள் ஒன்று, ஆபத்தின் வேகம் வேறு. படிவத்தை எழுதியவர்களுக்கு வேதியியல் தெரிந்திருக்கிறது.

படிவம் மூன்று இடங்களுக்குப் போக வேண்டும்: மாநில ஆணையம், உள்ளூர் அவசரகாலத் திட்டக் குழு, அந்தப் பகுதித் தீயணைப்பு நிலையம். மூன்றாவது முகவரிதான் இந்தச் சட்டத்தின் இதயம் என்பேன். ஏனென்றால் பெயர் தெரியாமல் தீயை நெருங்க முடியாது. தேங்கிக் கிடக்கும் திரவ அம்மோனியாவின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினால் அது இன்னும் வேகமாக ஆவியாகிப் பரவும். ஆனால் காற்றில் மிதக்கும் அம்மோனியா மேகத்தின் மேல் தண்ணீரைத் தூறலாகத் தெளித்தால் வாயு நீரில் கரைந்து அடங்கும். கால்சியம் கார்பைடில் தண்ணீர் பட்டால் எரியக்கூடிய அசெட்டிலின் கிளம்பும். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. தரையோடு படரும், பள்ளத்தில் தங்கும், அதனால் மாடிக்கு ஏற வேண்டும். ஒரே தண்ணீர்க் குழாய் ஓரிடத்தில் மருந்து, ஓரிடத்தில் நஞ்சு. எது எங்கே என்று சொல்லக்கூடியது அந்தப் பெயர் மட்டும்தான்.

எவ்வளவு இருந்தால் சொல்ல வேண்டும்? இங்கேதான் விதி அறிவியலாகிறது. பொதுவான அபாயகரப் பொருளுக்கு வரம்பு 10,000 பவுண்டு, சுமார் நாலரை டன். மிகவும் அபாயகரமானவை என்று சுமார் 350 பொருள்களைத் தனியே பட்டியலிட்டிருக்கிறார்கள். அவற்றுக்கு 500 பவுண்டு, அல்லது அந்தப் பொருளுக்கென்று குறித்த அளவு, இரண்டில் எது குறைவோ அது. பாஸ்ஜீனுக்கு அந்த அளவு வெறும் 10 பவுண்டு, நாலரைக் கிலோ. குளோரினுக்கு 100 பவுண்டு. அம்மோனியாவுக்கு 500. கந்தக அமிலத்துக்கு 1,000.

இந்த எண்கள் எப்படி வந்தன? இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள். காற்றில் எவ்வளவு கலந்தால் மூச்சிழுப்பவருக்கு உயிராபத்து? கொட்டினால் எவ்வளவு எளிதில் காற்றில் கலக்கும்? பாஸ்ஜீன் பத்து லட்சம் பங்கு காற்றில் இரண்டு பங்கு இருந்தாலே உடனடி ஆபத்து. கொதிநிலை 8 டிகிரி செல்சியஸ் என்பதால் அறை வெப்பத்திலேயே வாயு. இரண்டு கேள்விக்கும் மோசமான பதில், அதனால் வரம்பு மிகக் குறைவு. அம்மோனியாவும் வாயுதான், ஆனால் உயிராபத்து அளவு 300 பங்கு. கந்தக அமிலம் தோலைப் பொசுக்கும், ஆனால் 300 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். கொட்டிய இடத்தில் கிடக்கும். திடப்பொருள்களுக்கு இன்னொரு நுணுக்கம். பொடியாகவோ உருகியோ கரைசலாகவோ இருந்தால் வரம்பு குறைவு. கட்டியாக இருந்தால் 10,000 பவுண்டு. கட்டி பறக்காது, பொடி பறக்கும்.

அழகான தர்க்கம். ஆனால் முழுக்க முழுக்க போபாலின் தர்க்கம். மூச்சுக்குள் போகும் நஞ்சைத் தேடிய கண், வேறு எதையும் தேடவில்லை.

அம்மோனியம் நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் குருணை. அதை முகர்ந்தால் யாரும் விழுந்து சாவதில்லை. பயிருக்கு நைட்ரஜன் கொடுக்கும் பொருள். ஆனால் அதன் மூலக்கூறுக்குள் ஒரு பக்கம் அம்மோனியம், மறுபக்கம் நைட்ரேட். எரியக்கூடியதும் எரிய வைப்பதும் ஒரே படிகத்தில் சேர்ந்திருக்கின்றன. சாதாரண நிலையில் சாதுவாகக் கிடக்கும். 170 டிகிரி அளவில் உருகும், மேலும் சூடேறினால் சிதையத் தொடங்கும். வெப்பம் வெளியேற வழியில்லாமல், மரத்தூள், எண்ணெய், கரி போன்ற எரியும் பொருள்களும் கலந்துவிட்டால் சிதைவு கட்டுமீறும். வெடிக்கும்போது நைட்ரஜன், நீராவி, ஆக்சிஜன் என்று எல்லாமே வாயு. குவியலாகக் கிடந்த திடப்பொருள் நொடியின் மிகச் சிறிய பங்குக்குள் சூடான வாயுவாக விரிகிறது. வெஸ்ட் கிடங்கில் அது மரப் பெட்டிகளில், மரக் கட்டடத்துக்குள் இருந்தது. பக்கத்தில் விதை மூட்டைகளும் இருந்தன. தானாக நீர் தெளிக்கும் அமைப்பு இல்லை.

நஞ்சல்ல என்பதால் மிகவும் அபாயகரமானவை பட்டியலில் அதற்கு இடமில்லை. விளைவை எண்ணிப் பாருங்கள். மின்கலத்தில் ஓடும் பளுதூக்கி வண்டிகள் வைத்திருக்கும் சரக்குக் கிடங்கு, அந்த மின்கலங்களுக்குள் இருக்கும் கந்தக அமிலத்தைக் கூட்டிப் பார்த்து, 500 பவுண்டைத் தாண்டினால் மிகவும் அபாயகரமான பொருள் என்று படிவம் நிரப்ப வேண்டும். 245 டன் அம்மோனியம் நைட்ரேட்டோ சாதாரண அபாயகரப் பொருள். அது படிவத்தில் வரும், ஆனால் அவசரத் திட்டம் போட வேண்டிய கட்டாயத்தைக் கொண்டுவராது. உண்மையில், நேரடியாக விவசாயிக்கு விற்கும் உரத்துக்கு அந்தச் சட்டமே விலக்கு அளிக்கிறது. பெரு விபத்துகளைத் தடுப்பதற்கான வேறொரு விதியின் பட்டியலிலும் அம்மோனியம் நைட்ரேட் இல்லை. அதன்படி வெஸ்ட் நிறுவனம் போட்ட திட்டம் அம்மோனியா வாயுக் கசிவைப் பற்றியது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குத் தனியே தர வேண்டிய அறிவிப்பை நிறுவனம் தரவில்லை. சுகாதாரத் துறையின் அலமாரியில் இருந்த தாள் அந்தத் துறையின் கண்ணில் படவும் இல்லை. போதாக்குறைக்கு, சிறிய மாவட்டங்கள் தீப்பாதுகாப்பு விதித் தொகுப்பை ஏற்க டெக்சாஸ் சட்டமே அனுமதிக்கவில்லை. எல்லோரும் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெடித்தது குருணை.

பிறகு சில மாற்றங்கள் வந்தன. 2015இல் டெக்சாஸ் ஒரு சட்டம் இயற்றி, தீப்பாதுகாப்பு அதிகாரிகள் இத்தகைய கிடங்குகளுக்குள் போய்ப் பார்க்கலாம், எரியும் பொருள்களை 30 அடி தள்ளி வைக்க வேண்டும் என்றது. ரசாயனப் பாதுகாப்பு வாரியமோ அம்மோனியம் நைட்ரேட்டை விபத்துத் தடுப்புப் பட்டியலில் சேர்க்கச் சொன்னது. 2017இல் அந்த விதியைத் திருத்தியபோதும் அதைச் சேர்க்கவில்லை.

அதைவிட என்னை வருத்தியது 2014இல் நடந்தது. டெக்சாஸின் அப்போதைய தலைமை வழக்கறிஞர் கிரெக் ஆபட், பயங்கரவாதிகள் கைக்குப் போய்விடும் என்ற காரணத்தால் மாநிலத் துறை இந்த இருப்பு விவரங்களைப் பொதுமக்களுக்குத் தராமல் நிறுத்திவைக்கலாம் என்றார். தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் நிறுவனத்திடமே போய்க் கேட்கலாம் என்றும் சொன்னார். பயத்துக்குக் காரணம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1995இல் ஒக்லஹோமா நகரில் 168 பேரைக் கொன்ற குண்டு இதே அம்மோனியம் நைட்ரேட்டால் செய்யப்பட்டது. ஆனால் கிடங்கின் பக்கத்துத் தெருவில் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புகிறவருக்கு அந்தத் தகவலின் மேல் இருக்கும் உரிமை முந்தையது. கெட்ட நோக்கம் கொண்டவன் என்றோ ஒருநாள் வரலாம். அந்தத் தாய் தினமும் அங்கேயே இருக்கிறாள்.

தாள் இருந்தும் பயனில்லாமல் போனதற்கு வெஸ்ட் மட்டும் சாட்சியல்ல. 2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி பெய்ரூத் துறைமுகத்தின் 12ஆம் எண் கிடங்கு வெடித்தது. அங்கே 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. சுங்க அதிகாரிகள் அதைப் பற்றி நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதியிருந்தார்கள். தீ என்று சொல்லி அனுப்பப்பட்ட முதல் குழுவில் பத்துப் பேர். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பத்துப் பேரும் இறந்தார்கள்.

அந்தச் செய்தி வந்த ஓரிரு நாளில் சென்னை மணலியின் பெயர் தொலைக்காட்சியில் ஓடியது. 2015இல் சுங்கத் துறை பறிமுதல் செய்த சரக்கில் எஞ்சிய சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட், 37 கன்டெய்னர்களில், மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் இருந்தது. அந்தப் பகுதியில் பலருக்கும் அன்றுதான் அது தெரியும். ஏலம் விட்டு அதே மாதம் ஹைதராபாத்துக்கு லாரி லாரியாக ஏற்றி அனுப்பினார்கள். ஐந்தாண்டு நகராத சரக்கு, ஊர் அறிந்ததும் சில நாள்களில் நகரத் தொடங்கிவிட்டது. ஒரு பெயரையும் ஓர் அளவையும் மக்கள் தெரிந்துகொள்வதன் சக்தி அவ்வளவு.

நம்மிடம் விதி இல்லை என்பதல்ல. போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, அபாயத்தைப் பற்றித் தொழிலாளர்களுக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் தெரிவிப்பதை நிர்வாகத்தின் கட்டாயக் கடமையாக்கினார்கள். 1989இல் அபாயகர ரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதிக்கான விதிகள் வந்தன. ஆலைக்குள் ஓர் அவசரத் திட்டம், ஆலைக்கு வெளியே மாவட்ட நிர்வாகத்தின் அவசரத் திட்டம், பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய மக்களுக்கு முன்கூட்டியே தகவல் என்று மூன்றும் அவற்றில் உண்டு. 1996 விதிகள் மத்தியிலிருந்து மாவட்டம், உள்ளூர் வரை நெருக்கடிக் குழுக்களை அமைத்தன. காகிதத்தில் இது நல்ல கட்டமைப்பு.

ஆனால் வரம்புகளைப் பாருங்கள். நம் விதியில் முக்கியக் கடமைகள் குளோரினுக்கு 10 டன்னிலும், அம்மோனியாவுக்கு 60 டன்னிலும் தொடங்குகின்றன. குடிநீரைச் சுத்திகரிக்க வரும் பெரிய குளோரின் உருளை ஒன்றில் சுமார் 900 கிலோ இருக்கும், டோனர் என்பார்கள். பதினோரு டோனர் வரை அடுக்கி வைத்தாலும் அந்த வரம்பைத் தொடாது. அமெரிக்காவில் 45 கிலோ குளோரினுக்கே உள்ளூர்க் குழுவிடம் சொல்ல வேண்டும். ஐஸ் ஆலைகளும் மீன் பதப்படுத்தும் கூடங்களும் குளிரூட்ட அம்மோனியாவைத்தான் பயன்படுத்துகின்றன. அவற்றில் பெரும்பாலானவை 60 டன்னை எட்டுவதில்லை. 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே அப்படியொரு மீன் ஆலையில் அம்மோனியா பரவி, பெண் தொழிலாளர்கள் பலர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். பெரு விபத்துக்கென்று வகுத்த அளவு, தெருவில் நடக்கக்கூடிய விபத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. வரம்பைக் குறைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முழு அறிக்கையும் ஆய்வும் கேட்க வேண்டியதில்லை. பொருளின் பெயரும் அளவும் எழுதிய ஒரு பக்கம், அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும் போனால் போதும். விஷ வாயு என்று மட்டும் சொல்லி நோயாளியைக் கொண்டுவந்தால் மருத்துவர் என்ன செய்வார்?

சாலையில் இதைவிட நன்றாகவே செய்திருக்கிறோம். டேங்கர் லாரியின் பின்புறம் ஒரு பலகை இருக்கும். அதில் நான்கு இலக்க எண் ஒன்று: பெட்ரோலுக்கு 1203, குளோரினுக்கு 1017, நீரற்ற அம்மோனியாவுக்கு 1005. ஐ.நா. வகுத்த எண்கள்; உலகெங்கும் அதே. கூடவே தீயணைப்பவருக்கான சங்கேதக் குறி, அவசரத் தொலைபேசி எண். லாரி கவிழ்ந்தால் ஓட்டுநர் மயங்கிக் கிடந்தாலும் பலகை பேசும். அதே லாரி ஆலைக்குள் போய்ச் சரக்கை இறக்கியதும், மதிலுக்கு வெளியே இருப்பவருக்கு அந்த எண் மறைந்துவிடுகிறது. தொட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது தெரிவிக்கும் தகவலை, அது நிற்கும்போது தெரிவிக்கக் கூடாது என்பதற்கு எந்த நியாயமும் எனக்குப் புலப்படவில்லை.

1989 விதிகளின்படி, ஆலைக்குள்ளான திட்டத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், வெளித் திட்டத்தை ஆண்டுக்குக் குறைந்தது ஒருமுறையும் ஒத்திகை பார்க்க வேண்டும். மாவட்ட நெருக்கடிக் குழுவின் தலைவர் ஆட்சியர். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அதிகாரிகளிடம் பெரு விபத்து அபாய ஆலைகளின் பட்டியல் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005லிருந்து நம் கையில் இருக்கிறது. ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் சேர்ந்து ஒரு மனு போடலாம்: எங்கள் பகுதியில் உள்ள ஆலைகளில் எந்தப் பொருள், அதிகபட்சம் எவ்வளவு, வெளித் திட்டத்தின் நகல், கடைசி ஒத்திகை நடந்த தேதி, அதில் பங்கேற்ற தெருக்களின் பெயர், அபாயச் சங்குக்கும் அபாயம் நீங்கியதற்கான சங்குக்கும் ஒலியில் என்ன வேறுபாடு. கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் ஒருவராவது உங்கள் தெருவில் இருக்கிறாரா என்று முதலில் விசாரித்துவிட்டு மனுவை எழுதுங்கள்.